நூலிழையில் ஒரு காந்தாரம்

கச்சேரிக்கு நான் கொஞ்சம் முன்னதாகவே போய்விடுவேன். தம்புராவுக்கு ஸ்ருதி சேர்ப்பதைக் கேட்கத்தான். பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நாலே தந்தி. பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். பிருடையைத் திருகிக் கிட்டத்தட்டக் கொண்டுவந்து, தந்தியில் கோத்திருக்கும் மணியை மேலும் கீழும் தள்ளி மிச்சத்தைச் சரிசெய்வார்கள். அந்த அளவிலேயே ஸ்ருதி சேர்ந்துவிட்டதாகத்தான் தோன்றும். ஆனால் நாதம் எழுந்த வேகத்தில் படுத்துவிடும். கைதேர்ந்தவர் அதன் பிறகுதான் தந்திகளைத் தாங்கும் குதிரைப் பக்கம் குனிவார். குதிரையின் அகன்ற மேற்பரப்புக்கும் தந்திக்கும் இடையே சின்னதாக ஒரு நூல் செருகியிருக்கும், ஜீவா என்பார்கள். அதை விரல்நுனியால் துளி நகர்த்துவார், மீட்டுவார், இன்னும் துளி நகர்த்துவார். நகர்ந்தது நம் கண்ணுக்கே தெரியாது. ஏதோ ஓரிடத்தில் தந்தி சட்டென்று வாய் திறக்கும். அதுவரை டிங்கென்று ஒலித்தது, தேன்கூட்டைக் கலைத்தாற்போல ரீங்கரிக்கத் தொடங்கும்.

சர் சி.வி. ராமனையே இது இழுத்திருக்கிறது. கல்கத்தாவிலிருந்து 1921-ல் நம் தந்தி வாத்தியங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். தந்தியை நட்டநடுவில் மீட்டினால் அதன் மேல் ஷட்ஜம் ஒலிக்கக் கூடாது என்பது இயற்பியலாளர்கள் யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரால் வழங்கும் விதி. தம்புரா அதை மதிப்பதில்லை. ஒலிக்கக் கூடாதது கணீரென்று ஒலிக்கிறது. குதிரையின் லேசான வளைவும் அந்த நூலும்தான் காரணம். அதிரும் தந்தி குதிரையைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. ஒவ்வொரு தொடுகையிலும் மேலேயுள்ள துணைச்சுரங்களுக்குப் புது உயிர் கிடைக்கிறது.

அப்படிப் பிறப்பதுதான் காந்தாரம். நாலு தந்தியில் எதையும் காந்தாரத்துக்குச் சேர்க்கவில்லை. இருந்தும் பித்தளைத் தந்தியான மந்தரத்தை மீட்டி, நாதம் தேய்ந்துகொண்டே வரும்போது கேட்டால், அந்தர காந்தாரம் தானாக மேலெழும். மந்தர ஷட்ஜத்தின் ஐந்தாவது துணைச்சுரம் அது. சங்கராபரணமோ கல்யாணியோ பாடுகிறவருக்கு இது பெரிய சௌகரியம். தாம் தொட வேண்டிய இடத்தைத் தம்புரா முன்கூட்டியே பாடிக் காட்டுகிறது. தோடிக்குத்தான் சங்கடம். அதன் காந்தாரம் வேறு, கீழே இருப்பது. பின்னால் ஒன்று ஒலிக்க, அதைச் சட்டை பண்ணாமல் தன் காந்தாரத்தை அசைத்து அசைத்து நிறுத்துகிற பாடகரைக் கேட்பதில் எனக்குத் தனி ருசி உண்டு.

இப்போதெல்லாம் மேடையில் ஸ்ருதிப் பெட்டிதான் பாதி வேலையைப் பார்க்கிறது. ஏ.சி. அரங்கில் மரமும் தந்தியும் ஒரு நிலையில் நிற்காது என்பதால் பாடகர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தம்புராவையும் வைத்துக்கொண்டு, பெட்டியை மட்டும் மைக்குக்குக் காட்டுகிறார்களே, அதை மன்னிக்க முடியவில்லை. பின்னால் உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் விரல் ஓயாமல் மீட்டுகிற சிஷ்யைக்கு ஒரு மைக் கொடுத்தால் என்ன?