தீர்ப்பில் மறைந்த மூன்று வருடங்கள்

யப்பானிய உச்ச நீதிமன்றம் 2022 யூன் 17இல் வழங்கிய தீர்ப்பை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கலாம். புக்குஷிமா அணு உலை விபத்தினால் ஊரைவிட்டுப் போனவர்கள் உட்பட ஏறத்தாழ 3,700 பேர் தொடுத்த நான்கு வழக்குகள். அரசுக்குப் பொறுப்பில்லை என்று நான்கு நீதிபதிகளில் மூவர் முடிவு செய்தார்கள். அந்த முடிவு ஒரு கணனிக் கணக்கில் ஊன்றி நிற்கிறது.

கடலடியில் எந்தப் பிளவு எவ்வளவு நகரும் என்று முதலில் ஓர் எடுகோள் வைப்பார்கள். அதனால் எழும் நீர் எப்படிப் பரவும், கரையில் எவ்வளவு உயரும் என்பதைக் கடலைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணனி சொல்லும். 1896இல் சன்ரிக்குக் கரையை அழித்த நிலநடுக்கத்தின் அளவைப் புக்குஷிமாவுக்கு அப்பால் வைத்து 2008இல் பார்த்தபோது 15.7 மீற்றர் வந்தது. முதல் நான்கு உலைகள் நின்ற நிலமோ 10 மீற்றர். டோக்கியோ மின் கொம்பனி மதில் கட்டவில்லை. எடுகோளை ஆராயும்படி பொறியியலாளர் சங்கத்திடம் கேட்க முடிவு செய்தது. அந்த எண்ணை அணுப் பாதுகாப்பு அதிகாரிகளிடம் சொன்னது 2011 மார்ச் 7இல். நான்காம் நாள் அலை வந்தது.

கணக்கின்படி மதில் கட்டியிருந்தாலும் நீர் புகுந்திருக்கும் என்கிறது பெரும்பான்மைத் தீர்ப்பு. கணக்கில் பெரிய அலை வந்தது தென்கிழக்கிலிருந்து. உண்மையான அலை அதனிலும் பெரிது, கிழக்கிலிருந்தும் வந்தது. ஆபத்தை முன்பே அறிந்திருக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே தீர்ப்பு கடந்துபோகிறது.

தர்க்கம் சறுக்குவது இங்கேதான். வரப்போகும் அலையை அச்சொட்டாகச் சொல்ல இது சாத்திரி பார்க்கும் ஓலையல்ல. எடுகோள் பிழைக்கலாம் என்று தெரிந்தே செய்யப்படும் கணக்கு. ஆகவே மதிலோடு நிற்காமல், மின்பிறப்பாக்கி இருக்கும் கட்டடங்களுக்குள் நீர் புகாமலும் செய்திருக்கவேண்டும். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி மியுரா மமொரு இதைத்தான் சுட்டினார்.

இது வெறும் ஊகமல்ல. தெற்கே தோக்காய் இரண்டாம் உலையில், இபராக்கி மாகாணம் செய்வித்த கணக்கைப் பார்த்துக் கடல்நீர்ப் பம்பிகளைச் சுற்றிய மதிலை 6.1 மீற்றராக உயர்த்தினார்கள். வேலை முழுதாக முடியுமுன் ஏறத்தாழ 5.4 மீற்றர் அலை வந்தது. அடைக்காத துவாரத்தால் நீர் புகுந்து மூன்று மின்பிறப்பாக்கிகளில் ஒன்று நின்றது. மற்ற இரண்டும் உலையைக் காப்பாற்றின. அரைகுறைக் காப்புக்கும் பலன் இருந்தது.

புக்குஷிமாவுக்கும் 2008இலிருந்து ஏறத்தாழ மூன்று வருடங்கள் இருந்தன. கணக்கின் பிழையை அவ்வளவு நுணுக்கமாக அளந்த நீதிமன்றம், அந்த வருடங்களுக்கு யாரிடமும் கணக்குக் கேட்கவில்லை.