ஒற்றெனப்பட்ட புலவர்: புறநானூறு 47ஆம் பாடலும் அந்தமான் திவான் சிங்கும்

முன்னுரை

போர்க்காலத்தில் ஒருவர்மீது எழும் ஒற்று ஐயம் உயிரையே பறிக்க வல்லது. அவ்வையத்தை எதிர்கொள்ளத் தமிழிலக்கியம் இருவேறு வழிகளைக் காட்டுகின்றது. ஒன்று புறநானூற்றின் 47ஆம் பாடல். மற்றொன்று திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம். சப்பானியர் ஆட்சிக்கால அந்தமானில் நிகழ்ந்த கொலைகளோடு வைத்து நோக்குங்கால் இவ்விரண்டின் தகுதியும் எல்லையும் புலப்படும்.

கோவூர்கிழாரின் வாதம்

சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றனெனக் கருதி நெடுங்கிள்ளி கொல்ல முற்பட்டபோது, கோவூர்கிழார் பாடி அவனை உய்வித்தார் என்பது அப்பாடலின் அடிக்குறிப்பு. ஒற்று என்னும் குற்றச்சாட்டு அடிக்குறிப்பிலேயே உள்ளது. பாடலில் அச்சொல்லே இல்லை. கோவூர்கிழார் குற்றத்தை மறுக்கவில்லை, சான்றும் காட்டவில்லை. பறவைபோல் வள்ளல்களை நாடிச் செல்வதும், பெற்றதைச் சுற்றத்தோடு உண்டு பிறர்க்கு வழங்குவதுமாகிய வாழ்க்கை யாருக்குத் தீங்கு செய்யும் என்றே வினவுகிறார். புலவரின் பெருமிதம் மன்னரின் பெருமிதத்திற்கு நிகர் என முடிக்கிறார். வாழ்க்கையின் இயல்பே இங்குச் சான்றாகிறது.

அந்தமான் நிகழ்வு

1942 மார்ச் 23இல் சப்பானியப் படை போர்ட் பிளேரைக் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கைப்பற்றியது. 1943 சனவரியில், முன்னர் அந்தமானில் காவல் அதிகாரியாக இருந்த டெனிஸ் மெக்கார்த்தியின் தலைமையில் ஒரு பிரித்தானியக் குழு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மறைவாகக் கரையிறங்கியது. ஆக, ஒற்று நடந்தது மெய்யே. ஆனால் ஐயம் ஊரார்மீது விழுந்தது. சித்திரவதையால் பெற்ற வாக்குமூலங்களே ஆதாரமாயின.

மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் 1943 அக்டோபரில் கைது செய்யப்பட்டார். 1938இல் ‘வக்தே பாணி’ (ஓடும் நீர்) என்னும் கவிதைத் தொகுதியை வெளியிட்ட அவர், சப்பானியரோடு ஒத்துழைத்த இந்திய சுதந்திரச் சங்கத்தின் அந்தமான் கிளைத் தலைவராகவும் இருந்தவர். திசம்பர் 30இல் நேதாசி போர்ட் பிளேரில் கொடியேற்றியபோது அவர் செல்லுலார் சிறையில் இருந்தார். 1944 சனவரி 14இல் சித்திரவதையால் உயிர்நீத்தார். அம்மாதம் 30இல் ஹம்ப்ரேகஞ்சில் 44 பேர் ஒற்றர்களெனச் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அடுத்த மாதம் சுதந்திர இந்திய அரசின் சார்பில் தலைமை ஆணையராக வந்தவர் தமிழரான ஆ. து. லோகநாதன். காவல்துறையைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு அவர் கேட்டும், ஒற்று அபாயத்தைக் காரணங்காட்டிச் சப்பானியர் மறுத்தனர். கல்வித்துறையே அவர் பொறுப்பில் வந்தது. பரிந்து பேசும் நிலையில் இருந்தவருக்கும் தடுக்கும் அதிகாரம் இல்லை.

குறள் காட்டும் நெறி

இங்குப் புறப்பாடலின் எல்லை வெளிப்படுகிறது. புலவன் என்னும் தகுதி இளந்தத்தனைக் காத்தது. திவான் சிங்கைக் காக்கவில்லை. கோவூர்கிழாரின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் மன்னன் அங்கிருந்தான். புலமைக்குரிய மதிப்பை இருவரும் ஏற்றிருந்தனர். அப்பொதுமரபு அற்ற இடத்தில் அவ்வாதத்திற்கு வலுவில்லை. மேலும், ஹம்ப்ரேகஞ்சில் மாண்டவர்கள் புலவர் என்னும் தகுதியைக் காட்டி உயிர் கேட்கக்கூடியவர்கள் அல்லர்.

வள்ளுவரோ ஆளின் தகுதியை நோக்காமல் செய்தியின் தகுதியை நோக்குகிறார். ஓர் ஒற்றன் தந்ததை மற்றோர் ஒற்றனால் ஆராய்க என்றும், ஒருவரையொருவர் அறியாத மூவர் கூற்று ஒத்தால் மட்டுமே தெளிக என்றும் விதிக்கிறார் (588, 589). அரசனின் வெற்றிக்கெனக் கூறப்பட்ட இவ்விதியே ஐயத்திற்கு ஆளானவனுக்கும் அரணாகிறது. ஒருவரை வதைத்துப் பெற்ற பெயரால் அடுத்தவரைப் பிடித்து, அவரையும் வதைத்து அதே கூற்றைப் பெறுவது மூவர் கூற்று ஒத்ததாகாது. ஒரே கூற்று மூன்று வாய்களில் திணிக்கப்பட்டதேயாகும்.

முடிவுரை

புறநானூறு 47ஆம் பாடலைச் சொல்வன்மையின் வெற்றியாகப் போற்றுவது மரபு. அவ்வெற்றி கேட்போனின் பண்பைச் சார்ந்தது என்பதையும் சேர்த்துப் பயிலுதல் வேண்டும். கோவூர்கிழார் காத்தது ஒருவனை. பரிந்து பேச ஆளில்லாதவரையும் காக்க வல்லது குறள் வகுத்த நெறியே எனலாம்.