கைப்பேசி விளையாட்டும் ஆங்கிலக் கற்றலும்: சொற்கட்டைகள் மறைக்கும் பிழைகள்

கைப்பேசி விளையாட்டுகள் ஆங்கிலம் கற்கும் மாணவரின் அச்சத்தைப் போக்குகின்றன என்பது கற்பித்தல் ஆய்வுகளில் அடிக்கடி முன்வைக்கப்படும் கருத்து. இதற்குத் துணையாக, ஸ்டீபன் கிராஷன் 1982இல் விரித்துரைத்த உணர்வு வடிகட்டிக் கருதுகோள் எடுத்தாளப்படுவதுண்டு. பதற்றம் மிகுந்த மனத்தில் மொழி எளிதில் படியாது என்பது அதன் சாரம். எனினும், விளையாட்டு என்ற பெயர் மட்டுமே அச்சத்தை நீக்கிவிடாது.

2012இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த டூலிங்கோ செயலியின் கட்டணமில்லாப் பதிப்பில் நெடுங்காலம் ஒரு விதி இருந்தது. பிழை ஒவ்வொன்றுக்கும் ஓர் இதயக்குறி குறையும். ஐந்தும் தீர்ந்தால் பாடம் நின்றுவிடும். பிழைசெய்யத் துணிவோரைத் தண்டிக்கும் இவ்விதி கிராஷனின் கருத்துக்கு நேர்மாறானது. ஆசிரியரின் சிவப்பு மைக்கு உரிய இடத்தை இதயக்குறி பிடித்துக்கொண்டது எனலாம். சக மாணவர் நகைப்பதற்கு இங்கு இடமில்லை. அந்த அளவில் நன்மை உண்டு.

இதனினும் கருதத்தக்கது பயிற்சியின் வடிவம். திரையில் கலைந்து கிடக்கும் சொற்கட்டைகளை வரிசைப்படுத்தித் தொடர் அமைப்பது இத்தகைய செயலிகளில் பரவலாகக் காணப்படுகிறது. ஆங்கிலத்தின் 'தி'க்கு இணையான தனிச்சொல் தமிழில் இல்லை. ஆதலால் தமிழ் மாணவர் 'ஐ பாட் புக்' என எழுதுவது ஆசிரியர் பலரும் அறிந்த பிழை. கட்டைகளைக் கோக்கும் பயிற்சியில் இப்பிழை நேர வாய்ப்புக் குறைவு. 'தி' என்னும் கட்டை திரையில் இருப்பதே அது வேண்டும் என்று பெரும்பாலும் அறிவித்துவிடுகிறது. எங்கே என்பது மட்டுமே எஞ்சும் வினா. வேண்டாத கட்டைகள் சில கலந்திருப்பினும் நிலை பெரிதும் மாறுவதில்லை. விடை சரியாகிறது, புள்ளி கூடுகிறது. 'தி' ஏன் வந்தது என்பது சிந்தனைக்கு வராமலே போகிறது.

இத்தனைக்கும் அவ்வேறுபாடு தமிழ் மாணவருக்குப் புதிதன்று. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் பேச்சிலேயே அறிவார். முன்னதில் ஏதோ ஒரு புத்தகம். பின்னதில் கேட்போரும் அறிந்த புத்தகம். இரண்டாம் வேற்றுமை உருபு இங்கு ஆற்றும் பணிக்கும் 'தி'யின் பணிக்கும் நெருக்கம் உண்டு. இதைப் பயன்கொள்ளும் விளையாட்டே தமிழ் மாணவருக்கு உண்மையில் உதவும்.

ஆய்வாளர்க்கும் இதில் பொறுப்புண்டு. பின்தேர்வும் தெரிவு வினாக்களாகவே அமையுமாயின், உயர்ந்த மதிப்பெண் மொழித்திறனைக் காட்டுகிறதா, விளையாட்டுப் பழக்கத்தைக் காட்டுகிறதா எனப் பிரித்தறிய இயலாது. கட்டைகள் ஏதுமின்றி மாணவர் தாமே ஐந்து தொடர்களேனும் எழுதும் பகுதி பின்தேர்வில் இடம்பெற வேண்டும். அவற்றில் விடுபட்ட 'தி'களை எண்ணுவது பெரிய உழைப்பன்று.