விட்டுப்போன வாய்தாக்கள்

2021-ஆம் வருஷத் தீபாவளியை ஆதிச்சநல்லூரில் கழித்தேன். என் தாயாரின் சித்தி அங்கே இருக்கிறாள். எண்பது வயதைத் தாண்டியவள். முறைக்கு எனக்குச் சின்ன ஆச்சி. ஆனால் கூப்பிடுவது ஆச்சி என்றுதான். அவள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால், பழைய முதுமக்கள் தாழிகள் புதைந்திருக்கும் செம்மண் பரம்பு தெரியும். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக வழியில்லை. பட்டணத்திலிருந்து வந்திருந்த பையன்கள் தொலைக்காட்சியில் ஒரு படத்தைப் போட்டார்கள். இரண்டு நாள் முன்னால் வெளியாகியிருந்த ‘ஜெய் பீம்’. தியேட்டருக்கு வராமல், அமேசான் பிரைம் மூலம் நேரே வீட்டுக்கே வந்துவிட்ட படம் அது.

ஆச்சி சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு முழுப் படத்தையும் பார்த்தாள். லாக்கப்பில் அடிக்கிற காட்சிகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முடிவில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், பையன்கள் கைதட்டினார்கள். ஆச்சி மட்டும் என்னைப் பார்த்து, "ஏ ஐயா, அந்தப் புள்ளைக்கு அத்தன வாய்தாவுக்கும் பஸ் காசு யாரு குடுத்தா?" என்று கேட்டாள்.

பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் படத்தைப் பற்றி பின்னால் நான் படித்த விமரிசனங்கள் எதிலும் அந்தக் கேள்வி இல்லை. அதை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

படத்தைப் பற்றி முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சொல்வதற்கு நிறைய இருக்கிறது. த. செ. ஞானவேல் டைரக்ட் செய்தது. எலியும் பாம்பும் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடியைச் சேர்ந்த ராஜாக்கண்ணு என்பவனை நகைத் திருட்டு என்று சொல்லிப் போலீஸார் பிடித்துப் போகிறார்கள். அவன் திரும்பி வரவில்லை. ஸ்டேஷனிலிருந்து தப்பி ஓடிவிட்டான் என்று சொல்லிவிடுகிறார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் அவன் மனைவி செங்கேணி சென்னைக்கு வந்து, சந்துரு என்ற வக்கீலைப் பிடிக்கிறாள். அவர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுகிறார். போலீஸ் சொன்ன கதை ஒவ்வொரு நூலாகப் பிரிகிறது.

வக்கீலாகச் சூர்யா நடிக்கிறார். நம் சினிமாக் கதாநாயகர்கள் கோர்ட்டுக்குள் நுழைந்தால் மேஜையைக் குத்தாமல் வெளியே வருவதில்லை. இவர் குரலை அடக்கிப் பேசுகிறார். ராஜாக்கண்ணுவாக வரும் மணிகண்டன் அடிபடுகிற காட்சிகளைப் பார்ப்பது கஷ்டம். ஆனால் படத்தைத் தாங்குகிறவர் செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸ். ஒரு காட்சியை மறக்க முடியாது. ஸ்டேஷனுக்கு இழுத்துவரப்பட்ட அவளையும் மகளையும் மரியாதையாக வீட்டில் கொண்டு விடும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வருகிறது. ஜீப்பில் ஏறச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள். அவள் ஏறவில்லை, பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ரஸ்தாவில் நடக்கிறாள், ஜீப் அவளுக்குப் பின்னால் ஊர்ந்து வருகிறது. வசனம் அதிகம் வேண்டியிருக்கவில்லை. வழக்கை விட்டுவிடப் பணம் தருவதாகப் பெரிய அதிகாரியே ஆசை காட்டும்போது அவள் மறுக்கிற இடமும் அப்படித்தான். இந்த இரண்டு காட்சிகளும் தமிழ் சினிமாவில் நெடுநாள் பேசப்படும்.

இனி ஆச்சியின் கேள்விக்கு வருகிறேன்.

இது நடந்த கதை. கடலூர் மாவட்டத்து முதனை என்ற ஊரில் ராஜாக்கண்ணு என்பவர் 1993-ல் போலீஸ் காவலில் கொல்லப்பட்டார். அவர் மனைவியின் பெயர் பார்வதி. அவர்கள் குறவர் வகுப்பைச் சேர்ந்தவர்கள். படம் கணவன் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, மனைவி பெயரையும் சாதியையும் வருஷத்தையும் மாற்றிக்கொண்டது. சாதியை மாற்றியதைப் பற்றிச் சச்சரவு வந்தது. அது நியாயமான சச்சரவு என்றே நினைக்கிறேன். பார்வதிக்குத் துணையாக அந்த வட்டாரத்து மார்க்ஸிஸ்ட் கட்சிக்காரர்கள் நின்றார்கள். சென்னையில் கே. சந்துரு பணம் வாங்காமல் வழக்காடினார். இத்தனையும் ஏறக்குறையப் படத்தில் இருக்கிறது.

படத்தில் இல்லாதது, அதற்குப் பிறகு நடந்தது. ஆட்கொணர்வு மனுவின் தீர்ப்போடு படம் முடிகிறது. கைது செய்ய உத்தரவு, நஷ்டஈடு, புது வீடு. கடைசியில் செங்கேணியின் சின்னப் பெண் வக்கீலுக்குச் சமமாகக் கால்மேல் கால் போட்டுப் பத்திரிகை படிக்கிற காட்சி. எழுந்து போகிற நமக்கு மனசு நிறைந்திருக்கிறது. நிஜத்தில் அந்த மனுவோடு வழக்கு முடியவில்லை. கொலை வழக்கு தனியாக நடந்தது. உயர் நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தபோது ஆண்டு 2006. கணவன் போய்ப் பதின்மூன்று வருஷம் கழிந்திருந்தது. அந்த வருஷத்தில்தான், வாதாடிய வக்கீல் தாமே உயர் நீதிமன்ற நீதிபதியாகப் பதவி ஏற்றார். ஒரு வக்கீல் நீதிபதியாகிற அளவுக்கு நீண்ட காலம் அது. அதில் பெரும்பங்கு படத்தில் இல்லாமல் போய்விட்டது.

ஆச்சிக்கு இந்த வருஷக் கணக்கெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது வேறு. தாத்தா உயிரோடிருந்தபோது ஒரு வயல் விஷயமாக வழக்கு நடந்தது. தாத்தாவுக்குப் பிறகு அவளே போய்வந்தாள். எந்தக் கோர்ட் என்பது இங்கே முக்கியமில்லை. வாசலில் வேப்பமரம் இருந்தது என்றும், அந்த மரத்தடியில் தன் ஆயுசில் பாதி போயிற்று என்றும் சொல்வாள். காலையில் முதல் பஸ், கையில் கட்டுச்சோறு, ‘கோர்ட்டுச் சீலை’ என்று தனியாக ஒரு சேலை வைத்திருந்தாள். வாய்தா தினத்துக்கு மட்டும் அதைக் கட்டுவாள், திரும்பி வந்து துவைத்து மடித்து வைத்துவிடுவாள். பெயரைக் கூப்பிடுவார்கள், எதிர்க்கட்சி வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்பார்கள், அடுத்த மாசத் தேதி ஒன்று சொல்வார்கள். அரை நிமிஷத்து வேலை. அதற்கு ஒரு நாள் கூலியும் இரண்டு வேளைப் பஸ் காசும். இப்படிப் போய்வந்தவளுக்குப் படத்தின் வேகத்தைக் கண்டு சந்தேகம் வந்ததில் ஆச்சரியம் என்ன?

இந்தக் குறை நம் படத்துக்கு மட்டும் உரியதென்று வாசகர்கள் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1996-ல் ராப் ரெய்னர் எடுத்த ‘கோஸ்ட்ஸ் ஆஃப் மிஸிஸிப்பி’ என்ற படத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதுவும் நடந்த கதை. கறுப்பு மக்களின் உரிமைக்காக உழைத்த மெட்கர் எவர்ஸ் என்பவரை 1963 ஜூன் 12-ஆம் தேதி, அவர் வீட்டு வாசலிலேயே, மறைந்திருந்து சுட்டுக் கொன்றார்கள். சுட்டவன் பைரன் டி லா பெக்வித். 1964-ல் இரண்டு முறை விசாரணை நடந்தது. இரண்டு முறையும் ஜூரியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்கார ஆண்கள். இரண்டு முறையும் ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. கொலைகாரன் வீட்டுக்குப் போனான். அவன் குற்றவாளி என்று தீர்ப்பானது 1994-ல்.

நடுவில் முப்பது வருஷம். அந்த முப்பது வருஷமும் விடாமல் இருந்தவர் எவர்ஸின் மனைவி மர்லி. முதல் விசாரணையின் நடவடிக்கைக் குறிப்புகளை அத்தனை காலமும் பத்திரப்படுத்தி வைத்திருந்தவர் அவர்தான்; வழக்கு மறுபடி எடுக்கப்பட்டபோது அவை மிகவும் உதவின. யோசித்துப் பாருங்கள்: எத்தனை வீடு மாறியிருப்பார், எத்தனை தடவை அந்தக் காகிதக் கட்டைத் தூக்கிப் பெட்டியில் வைத்திருப்பார்! நாவல் எழுதுகிறவனுக்கு அந்தக் கட்டு ஒன்று போதும். ஆனால் படம் முக்கியமாக யாரைப் பின்தொடர்கிறது? வழக்கை மறுபடி நடத்திய வெள்ளைக்கார அரசாங்க வக்கீல் பாபி டிலாட்டரை. அவருடைய குடும்பச் சிக்கல், அவருடைய மனசாட்சி, அவருக்கு வந்த மிரட்டல். மர்லியாக வரும் வூப்பி கோல்ட்பெர்க் இடையிடையே தலைகாட்டி, கம்பீரமாக இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்.

அந்த வக்கீலின் பிற்காலக் கதையும் கேட்கத் தகுந்தது. அவர் நீதிபதியானார். பிறகு, வேறொரு விவகாரத்தில் விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் உண்மையை மறைத்ததை 2009-ல் ஒப்புக்கொண்டு, பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். இதனால் அவர் முன்பு செய்த நல்ல காரியம் கெட்டுப்போய்விடாது. ஆனால் நியாயத்தின் முழு பாரத்தையும் ஒரு மனிதன் தலையில் ஏற்றி, அவனைச் சிலையாக்கிவிடுகிற கதைகளுக்கு இது ஓர் எச்சரிக்கை. நம்முடைய சந்துரு விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை. அவர் வாழ்க்கை திறந்த புத்தகம். இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். வழக்கைத் திறமையாக நடத்தியவர் ஒருவர். வழக்கோடு வாழ்ந்தவர் இன்னொருவர். கதாநாயகர் யார்?

என் சிநேகிதர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சினிமாக் கலையில் தேர்ந்தவர். "இரண்டரை மணி நேரத்தில் பதின்மூன்று வருஷத்தைக் காட்டு என்றால் எப்படி? தாமதத்தைக் காட்டினால் படமே தாமதமாகிவிடுமே! நீங்கள் நாவலில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

பதில் சொல்ல முடியாமல் விழித்தேன். என் நாவல் ஒன்றில், ‘பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன’ என்று ஓர் அத்தியாயத்தைத் தொடங்கியிருக்கிறேன். மூன்றே வார்த்தை. எழுதும்போது பேனா ஒரு கணம் கூடத் தயங்கவில்லை என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆகவே இந்தக் குற்றச்சாட்டில் நானும் பிரதிவாதிதான்.

ஆனால் காட்டவே முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சைதன்ய தம்ஹானே 2014-ல் எடுத்த ‘கோர்ட்’ என்ற மராத்திப் படம் அதைச் செய்திருக்கிறது. ஒரு பாட்டுக்கார முதியவர் மீது அபத்தமான வழக்கு. அந்தக் கோர்ட்டில் யாரும் கத்துவதில்லை. வழக்கு தள்ளிப்போகிறது, மறுபடி தள்ளிப்போகிறது. கடைசியில் கோடை விடுமுறை வந்து, நீதிபதி குடும்பத்தோடு உல்லாசமாகப் பொழுது போக்கப் போய்விடுகிறார். நமக்கு அடிவயிற்றில் என்னவோ செய்கிறது. லாக்கப் அடி எதையும் காட்டாமலே அந்தப் படம் இதைச் சாதிக்கிறது. ‘ஜெய் பீம்’ லாக்கப் காட்சிகளுக்குச் செலவிட்ட நேரத்தில் கால் பங்கை மிச்சம் பிடித்து, செங்கேணியைப் பஸ்ஸில் உட்கார வைத்திருக்கலாம். முதல் பயணத்தில் மடியில் இருக்கும் குழந்தை, அடுத்ததில் ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கட்டும்; அதற்கடுத்ததில் தனக்குத் தனி டிக்கெட் கேட்கும் வயசுக்கு வரட்டும். மூன்று காட்சி போதும். ஆச்சி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள்.

இதை ஏன் பெரிதுபடுத்துகிறேன் என்றால், படம் பார்த்துவிட்டு வரும் நாம் ஒரு தப்பான திருப்தியோடு வருகிறோம். நல்ல வக்கீல் ஒருவர் கிடைத்துவிட்டால் போதும், நியாயம் தானே வந்துவிடும் என்று தோன்றிவிடுகிறது. கொடுமை செய்த போலீஸ்காரன் மேல் கோபம் வருகிறது, சரி, வரவேண்டியதுதான். அரை நிமிஷத்தில் ஒரு தேதியைச் சொல்லி ஒரு மனுஷியைத் திருப்பி அனுப்புகிற ஏற்பாட்டின் மேல் நமக்குக் கோபமே வருவதில்லை. அதைப் படம் நமக்குக் காட்டவில்லையே!

ஆதிச்சநல்லூர்க்காரர்களுக்குக் காத்திருப்பது புதிதல்ல. அந்தப் பரம்பை 1876-ல் ஜெர்மானியரான யாகோர் தோண்டினார். எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அலெக்ஸாண்டர் ரே தோண்டியவை சென்னை மியூஸியத்துக்குப் போயின. 2004-05-ல் மத்திய தொல்லியல் துறை நூற்றுக்கு மேற்பட்ட தாழிகளை எடுத்தது. அதன் அறிக்கைக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்து, விஷயம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போகவேண்டியிருந்தது. மண்ணுக்குள் இருப்பதை வெளியே எடுப்பதோடு காரியம் தீருவதில்லை என்பது அந்த ஊருக்குத் தெரியும்.

2025 ஏப்ரலில் மறுபடி அங்கே போயிருந்தேன். அந்த வாரம்தான் தூத்துக்குடிக் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. 1999 செப்டம்பரில் தாளமுத்துநகர் போலீஸ் ஸ்டேஷனில் உப்பளத் தொழிலாளி ஒருவர் அடிபட்டு இறந்த வழக்கு. டி.எஸ்.பி. ஒருவர் உள்பட ஒன்பது போலீஸாருக்கு ஆயுள் தண்டனை. பத்திரிகையை ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். நல்ல செய்தியாயிற்றே, சந்தோஷப்படுவாள் என்று எண்ணினேன்.

"எத்தன வருசம் ஐயா?"

"இருபத்தைந்துக்கு மேல், ஆச்சி."

"மாசத்துக்கு ஒரு வாய்தான்னு வச்சாலும் எத்தன?"

"முந்நூறு."

ஆச்சி விரலை மடக்கிப் பார்த்தாள். முந்நூறுக்கு விரல் ஏது? கையை விட்டுவிட்டாள்.

"முந்நூறு தரம் சீலையத் தொவச்சு மடிச்சு வச்சிருப்பா, மகராசி" என்றாள்.