குயினின் சிறந்த ஆல்பம்

'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' கேட்கிறவன் ரசிகனே அல்ல என்பது ராக் இசை பேசும் வட்டாரங்களில் இன்று மரியாதையான கருத்து. ஸ்டுடியோ ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை கேட்பவர்தான் தீவிர ரசிகர். தொகுப்பு, அவசரக்காரர்களுக்காகக் கம்பெனி கட்டிக்கொடுத்த பொட்டலம். ஸ்பாட்டிஃபை வந்த பிறகு அந்தப் பொட்டலத்துக்கும் வேலையில்லையாம். பிங்க் ஃபிளாய்டை வைத்துப் பேசினால் இது சரி. குயினை வைத்துப் பேசினால் அபத்தம்.

தொகுப்புகளின் வரலாறு கடைக்காரரின் வரலாறுதான், மறுக்கவில்லை. 1958இல் ஜானி மாத்திஸின் சிங்கிள்களைக் கொலம்பியா நிறுவனம் ஒன்றாகத் திரட்டி வெளியிட்டது. அது ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் பில்போர்ட் பட்டியலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எல்லாக் கம்பெனிகளுக்கும் நாக்கில் நீர் ஊறியது. 1976இல் ஈகிள்ஸின் தொகுப்பு வந்தது. 'ஹோட்டல் கலிஃபோர்னியா' அப்போது வெளிவரக்கூட இல்லை. ஆனாலும் அமெரிக்க இசைத்துறைச் சங்கம் 2018இல் அத்தொகுப்புக்கு 3.8 கோடி என்று சான்றளித்தது. 1984இன் 'லெஜண்ட்', பாப் மார்லியின் கோபத்தை வழித்தெடுத்துவிட்டு வரவேற்பறைக்கு ஏற்ற மார்லியை விற்றது. இவற்றுக்காக நான் வாதாட வரவில்லை.

1981 அக்டோபரில் வந்த குயினின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' கதை வேறு. பிரிட்டனில் இன்றுவரை அதிகம் விற்ற ஆல்பம் அது; 2022இல் 70 லட்சத்தைத் தாண்டியது. விற்பனையை விடுங்கள். குயின், நான்கு பாடலாசிரியர்கள் ஒரே கூரையின் கீழ் முட்டிமோதிய குழு. அவர்களுடைய ஸ்டுடியோ ஆல்பங்கள் அந்த முட்டலின் பதிவுகள். அதனாலேயே மேடு பள்ளம் நிறைந்தவை. 1978இன் 'ஜாஸ்' ஆல்பத்தில் 'டோன்ட் ஸ்டாப் மீ நவ்' இருக்கிறது, அதைச் சுற்றி இட்டுநிரப்பல்களும் இருக்கின்றன. மூன்று நான்கு நிமிட சிங்கிள்தான் இவர்களின் இயல்பான வடிவம். அதில் மூச்சுவிட இடமில்லாததால் ஆடம்பரம்கூட அளவோடு நிற்கிறது.

பிரிட்டிஷ் பதிப்பின் 17 பாடல்களில் 10 பாடகர் ஃப்ரெடி மெர்குரி எழுதியவை, 5 பிரையன் மே எழுதியவை, 2 ஜான் டீக்கன் எழுதியவை. டிரம்மர் ரோஜர் டெய்லருக்கு ஒன்றுகூட இல்லை. இந்தக் கணக்கைப் பார்த்ததும் 2018இன் 'பொஹீமியன் ராப்சடி' படத்துக்குப் பிறகு பரவிய நம்பிக்கை உறுதியானதுபோலத் தோன்றும்: குயின் என்றால் மெர்குரி, மற்றவர்கள் பக்கவாத்தியம். தொகுப்பை வரிசைப்படி கேட்டால் அந்த நம்பிக்கை இரண்டாவது பாட்டிலேயே ஆட்டம் காண்கிறது.

முதல் பாட்டு 'பொஹீமியன் ராப்சடி'. 5 நிமிடம் 55 விநாடி. நடுவில் வரும் ஓபரா பகுதிக்காக மெர்குரி, மே, டெய்லர் மூவரின் குரல்களும் திரும்பத் திரும்பப் பதிவாகி, ஒன்றன்மேல் ஒன்றாக நாடாவில் ஏறின. டீக்கன் அதில் பாடவில்லை. அந்தக் குரல்மாளிகை அடங்கியதும், ஐந்தாண்டுகளைத் தாவி, பாடாத அந்த மனிதரின் பேஸ் கிட்டார் தனியே நுழைகிறது. 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்', 1980. ஷீக் குழுவின் நடன இசையைக் கூர்ந்து கேட்டவரின் கை அது. டெய்லரின் டிரம்முக்குள் போர்வை அடைத்து அதிர்வை அடக்கியிருக்கிறார்கள். எங்கும் காற்று, வாத்தியங்களுக்கு நடுவே நடந்துபோகலாம். இதை சிங்கிளாக வெளியிடச் சொன்னவர் மைக்கேல் ஜாக்சன். அமெரிக்காவில் முதலிடம் பிடித்த குயின் பாடல்கள் இரண்டே. ஒன்று மெர்குரியின் 'கிரேஸி லிட்டில் திங் கால்ட் லவ்', மற்றது இது. அந்த 2018 படத்தில் இந்த பேஸ் வரிசை சச்சரவை நிறுத்தும் ஒரு தமாஷாகக் குறுகிப்போனது.

டீக்கனின் இன்னொரு பாட்டு 'யூ ஆர் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்'. அதிலுள்ள எலெக்ட்ரிக் பியானோவை வாசிக்க மெர்குரிக்கு இஷ்டமில்லை, டீக்கனே வாசித்தார். மின்னணுவியல் படித்தவர், குப்பையில் கிடந்த சர்க்யூட் போர்டை எடுத்து ஆம்ப்ளிஃபையர் செய்தவர். மேயின் வீட்டுத் தயாரிப்பு கிட்டாரிலிருந்து வரும் அந்த வயலின்கூட்ட நாதத்தில் பாதி அந்தப் பெட்டியின் புண்ணியம். இவரைப் பற்றி ஒரு நல்ல நூல்கூட நம் கைக்கு எட்டவில்லை. மெர்குரியின் மீசை பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும்.

தொகுப்பிலும் குறை உண்டு. 1974இன் 'குயின் II' என்ற இருண்ட, அடர்த்தியான ஆல்பத்திலிருந்து 'செவன் சீஸ் ஆஃப் ரை' மட்டுமே வந்திருக்கிறது. அந்த முரட்டுக் குழு இதில் ஏறக்குறைய இல்லை. பட்டியலில் மேலே ஏறாததால் டீக்கனின் 'ஸ்ப்ரெட் யுவர் விங்ஸ்' வெளியே நிற்க, திரைப்படத்துக்குச் செய்த 'ஃப்ளாஷ்' உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பட்டியலை நம்பித் தொகுத்தால் இப்படித்தான் ஆகும். 1981இன் அமெரிக்கப் பதிப்பில் பாடல்கள் 14தான், வரிசையும் வேறு. அந்த முதல் இரண்டு பாடல்களின் அடி அங்கே இப்படி விழாது. ஷஃபிளில் போட்டால் எங்குமே விழாது.

1991 அக்டோபரில், மெர்குரி இறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, இரண்டாம் தொகுப்பு வந்தது. அதிலும் 17 பாடல்கள். டெய்லருக்கு 'ரேடியோ கா கா' மூலம் நியாயம் கிடைத்தது. டீக்கனின் 'ஐ வான்ட் டு ப்ரேக் ஃப்ரீ'யும் இருக்கிறது. ஆனால் 1989 முதல் எல்லாப் பாடல்களும் குயின் என்ற பொதுப்பெயரிலேயே வந்ததால், யார் யாரோடு மோதினார்கள் என்பது மங்கி, எல்லாம் ஒரே மெருகாகிவிட்டது. 1999இன் மூன்றாம் தொகுப்பு, விருந்தாளிகளையும் ரீமிக்ஸ்களையும் கூட்டிவைத்த கல்லாப்பெட்டி. அதற்கு அலமாரியில் இடம் தேட வேண்டாம். 1981இன் பிரிட்டிஷ் பதிப்பு கிடைத்தால் கலைக்காமல் கேளுங்கள். 'ஃப்ளாஷ்' வரும்போது மட்டும் தாண்டிவிடலாம்.