படிக்கட்டும் கடற்கரையும்

திரைக்கலை பயிலும் மாணவர்கள் புகழ்பெற்ற பழைய படமொன்றின் காட்சியைத் தாமே மீண்டும் படமாக்கிப் பழகுவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஓவியம் கற்பவன் ஆசானின் கோட்டைப் பின்பற்றிக் கை பழகுவது போன்றது இது, குறைகூறத் தக்கதன்று. ஆனால் மாணவர் எதைப் பின்பற்றுகிறார் என்று கேட்பது விமரிசனத்தின் கடமை.

இவ்வாறு பலராலும் எடுத்தாளப்பட்டது, ஐசன்ஸ்டைனின் ‘பொட்டெம்கின் போர்க்கப்பல்’ (1925) படத்தில் வரும் ஒடெஸாப் படிக்கட்டுக் காட்சி. அத்துறைமுக நகரின் படிகள் 192. மேலிருந்து நோக்கினால் இடைத்தளங்களே தெரியும். கீழிருந்து நோக்கினால் படிகளே தெரியும். நிற்கும் இடம் மாறக் காணும் பொருளும் மாறுகிறது. ஐசன்ஸ்டைன் தாம் நிற்கும் இடத்தைத் தெரிந்தே தேர்ந்தார். அவர் படத்தில் சுடுவோர் பெரிதும் சப்பாத்தும் துப்பாக்கியுமாகவே தோன்றுகின்றனர். சுடப்படுவோருக்கோ முகம் உண்டு. காட்சியின் உயிர் இதுவே.

1987இல் வந்த ‘தி அன்டச்சபிள்ஸ்’ என்னும் அமெரிக்கப் படத்தில் அதே குழந்தைவண்டி சிக்காகோ ரயில் நிலையப் படிகளில் உருண்டது. திறமைக்குக் குறைவில்லை. ஆயினும் அது காவலருக்கும் கொள்ளைக்கூட்டத்துக்கும் நடந்த மோதல். வண்டி வந்து சேர்ந்தது. மக்கள் வந்து சேரவில்லை.

இக்காட்சியைத் திருகோணமலை மாணவர் ஒருவர் மீண்டும் படமாக்க முனைகிறார் என்று கொள்வோம். அங்கும் துறைமுகம் உண்டு. பிரெடரிக் கோட்டையினூடே மேலேறும் பாதையும் உண்டு. தோற்ற ஒற்றுமையை நாடுபவர் அங்கே கமராவைத் தூக்கிச் செல்லக்கூடும். காட்சியின் பொருளை நாடுபவரோ நகரக் கடற்கரைக்கு, காந்தி சிலையருகே வந்து நிற்பார்.

2006 ஜனவரி 2ஆம் நாள் அங்கே ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்ததே காரணம் என்று பாதுகாப்புத் தரப்பு முதலில் கூறியது. பத்திரிகையாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறையில் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டின. அதே மாதம் 24ஆம் நாள் அவரும் திருகோணமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும், போதிய சான்று இல்லையென 2019இல் விடுவிக்கப்பட்டனர்.

ஒடெஸாவில் 1905இல் மக்கள் சுட்டுக்கொல்லப்பட்டது மெய். எனினும் படம் காட்டுமாறு அப்படிகளில் அது நிகழ்ந்ததன்று. நகரெங்கும் சிதறிக் கிடந்த கொடுமையை இயக்குநர் ஓரிடத்தில் திரட்டினார். அக்கற்பனை உண்மையைக் கூர்மையாக்கிற்று. திருகோணமலையில் கலைஞனுக்கு அந்த உரிமை இல்லையென்றே நாம் கருதுகிறோம். அவர்கள் எவ்வாறு இறந்தார்கள் என்பதே இங்கு மறுக்கப்பட்டது. இல்லாத குண்டொன்றைக் கூட்டினாலும், நடிகரைக் கிடத்தி அவ்வுடல்களைப் புதிதாக ‘அமைத்தாலும்’, உண்மையான படத்தையும் புனைவென்று தள்ளிவிட விரும்புவோருக்கு நாமே வழி செய்தவராவோம்.

அப்படியாயின் படமாக்க என்ன இருக்கிறது? மாலைக் கடற்கரையில் பேசிச் சிரிக்கும் இளைஞரின் முகங்கள் இருக்கின்றன. அவர்களை நெருங்கும் சப்பாத்துக்களின் ஓசை இருக்கிறது. பின்னர், பிணவறை வாயிலில் கமராவுடன் நிற்கும் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் காண்பதைக் காட்ட வேண்டாம். அவரைக் காட்டினால் போதும். அவர் கண்டது ஏற்கெனவே சான்றாக நம்மிடம் உள்ளது. சுடுவோருக்கு முகம் மறுத்து, சுடப்படுவோருக்கு முகம் தந்த ஐசன்ஸ்டைனின் முறை இங்கே சிதையாமல் நிற்கும், குழந்தைவண்டி தேவைப்படாது.

இத்தகைய பயிற்சிகளுக்கு மதிப்பெண் இடும் ஆசிரியர்கள், மூலப்படத்தின் கோணங்களோடு மாணவரின் கோணங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. கமராவை இங்கே ஏன் நிறுத்தினாய், யார் பக்கம் நின்று பார்த்தாய் என்று ஒவ்வொரு மாணவரையும் கேட்க வேண்டும். விடை சொல்லத் தெரிந்த மாணவருடைய படத்தில் ஒளி குறைந்திருந்தாலும் நாம் பொருட்படுத்த மாட்டோம்.