மரை பிடிக்கும் ஓசை

அமெரிக்காவில் ரைஃபிள், பிஸ்டல், ஷாட்கன் மூன்றையும் மாற்றி மாற்றிச் சுடும் போட்டிக்காரர்கள், செமி ஆட்டோமேட்டிக் ஷாட்கனின் தோட்டாக் குழாயை, முனையில் ஒரு நீட்டுக்குழாய் மாட்டி நீட்டிக்கொள்வது சகஜம். எனக்குச் சுடுவதைவிட அந்தக் குழாய் மாட்டும் வேலைதான் பிடிக்கும். உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு முனை மூடியைத் திருகிக் கழற்றுகிறார்கள். கடைசி மரையில் கை நிதானிக்கிறது. அடங்கிக் கிடந்த ஸ்பிரிங் உள்ளங்கையை முட்டும். விட்டால் கூரைக்குப் பாயும்.

பிறகு நீளமான புது ஸ்பிரிங், எண்ணெய் மினுக்கோடு கரகரவென்று உள்ளே இறங்குகிறது. கைதேர்ந்தவர் நீட்டுக்குழாயை முதலில் கழற்றும் திசையிலேதான் சுற்றுவார். மரையும் மரையும் சந்திக்கும் இடத்தில் மெல்ல ஒரு ‘டிக்’. அதன் பிறகே இறுக்கும் திசை. சரியாகப் பிடித்தால் இரண்டு விரலே போதும், வழுக்கிக்கொண்டு ஓடும். கோணல் மரையைப் பலத்தால் சரிக்கட்டப் பார்ப்பவரை இந்த மேசைப் பக்கமே விடக்கூடாது! பழைய மூடிதான் பேரலையும் பிடித்திருந்தது. இனி அதுவும் நீட்டுக்குழாயின் பொறுப்பு. கடைசியில் டம்மி தோட்டாக்களை ஒவ்வொன்றாகத் தள்ளும்போது ஸ்பிரிங் இறுகி வருகிறது. இன்னும் எத்தனைக்கு இடமிருக்கிறது என்பது கட்டைவிரலுக்கே தெரிந்துவிடுகிறது.